பையா, பாட்டிலா

அந்த ஷீட்டைக் கேட்டு இதுவரை நான்கு பேர் போன் செய்துவிட்டார்கள். கடைசியாகக் கேட்டவள் எங்கள் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசராக இருக்கும் தங்கமணி. அவளுடைய மாமனார் ஐசியூவில் இருக்கிறார்.

"அக்கா, நீங்க ஆஸ்பத்திரிக்காரங்களையே கணக்குல மடக்கிப் போட்டீங்களாமா? பையில ஏத்துனா இவ்வளவு, பாட்டில்ல ஏத்துனா இவ்வளவுன்னு ஷீட் போட்டு டாக்டரம்மா கையிலயே குடுத்தீங்களாம். அதைச் சித்தெ வாட்ஸ்அப்ல போட்டு உடுங்க்கா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன். தேடவே வேண்டாம், லேப்டாப்பைத் திறந்தால் முதல் கோப்பே அதுதான். ஆனாலும் பொய் சொன்னேன். அந்த ஷீட்டில் கூட்டல் பெருக்கலில் ஒரு தப்பும் கிடையாது. ஆனால் அதை வாங்கிக்கொண்டு போய் இன்னொருத்தி இன்னொரு டாக்டர் முன்னால் நீட்டுவதை நினைத்தால் அனுப்ப மனசு வரவில்லை. ஏன் என்பதைப் போனில் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினாறு வருடமாக நான் காஸ்டிங் பார்க்கிறேன். ஒரு டி-ஷர்ட்டைக் கையில் கொடுத்தால் நூல் என்ன விலை, நிட்டிங் கூலி என்ன, சாயம், கட்டிங், தையல், லேபிள், பாலிபேக் என்று பிரித்துப் போட்டு, இது இத்தனை ரூபாய்க்கு மேல் ஆகாது என்று சொல்லிவிடுவேன். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். சாயப்பட்டறைக்காரர் கிலோவுக்கு மூன்று ரூபாய் ஏற்றினால் விட மாட்டேன். வெளியே தைக்கக் கொடுத்தால் லேபிளை எண்ணிக் கொடுப்பேன், தைத்தது போக மீதியை எண்ணி வாங்குவேன். நாலு லேபிள் குறைந்தாலும் ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவேன். முதுகுக்குப் பின்னால் என்னைப் போலீசக்கா என்பார்கள். தெரியும், எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

வீட்டுக்காரர் பழனிசாமி இன்னொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எனக்கு நேரெதிர். யார் என்ன சொன்னாலும் "செரீங்க" என்று தலையாட்டிவிடுவார். "உனக்குத் தண்ணி குடிச்சாலும் ரசீது வேணும் புள்ள" என்று என்னைக் கேலி செய்வார்.

ஒரு சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு, புரோட்டா பார்சலோடு வந்தார். தின்று அரை மணி நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். கேஸ் என்று சோடா குடித்தார், ஓமத்தண்ணி குடித்தார். நான் புரோட்டாக் கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிறு காலையில் வயிறு உப்பி, வாந்தி பச்சையாக வந்தது. தெருமுனை கிளினிக்கில் ஒரு ஊசி போட்ட டாக்டர், "இங்க வெச்சுப் பாக்க முடியாதும்மா, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று அவரே ஒரு பேரையும் சொன்னார். கமிஷன் வாங்குவார் போல என்றுதான் முதலில் நினைத்தேன். புருஷன் வலியில் துடிக்கும்போது எனக்கு அந்த நினைப்பு வந்தது. நினைத்ததை எழுதத்தானே வேண்டும்.

ஸ்கேன் எடுத்தார்கள். அவருக்குப் பதினெட்டு வயதில் குடல்வால் ஆபரேஷன் நடந்திருக்கிறது. அந்தப் பழைய தழும்பு வயிற்றுக்குள் ஒரு கயிறு மாதிரி இழுத்துக்கொண்டு கிடந்து, அதில் சிறுகுடல் மாட்டி முறுக்கிவிட்டது. முறுக்கிய இடத்துக்கு ரத்தம் போகாமல் குடல் கறுத்துவிட்டது. கறுத்ததை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். நாலாம் நாள் தைத்த இடத்தில் கசிவு. மறுபடி வயிற்றைத் திறந்தார்கள்.

இரண்டாவது ஆபரேஷன் முடிந்த அன்று ஐசியூ டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். நாற்பது வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு.

"குடலுக்கு ரெஸ்ட் குடுக்கணும்மா. ரெண்டு வாரமாவது ஒரு சொட்டுத் தண்ணிகூட வாய் வழியாப் போகக் கூடாது."

"அப்ப சாப்பாடுங்க மேடம்?"

"ரத்தத்துல."

அதற்கு அவர்கள் டி.பி.என். என்கிறார்கள். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வாய், வயிறு, குடல் எதையும் தொடாமல் முழுச் சாப்பாட்டையும் நேராக ரத்தத்தில் ஏற்றுவது. கையில் குத்துகிற சாதாரண ஊசி வழியாக இதை ஏற்ற முடியாது, நரம்பு வெந்துபோகும். கழுத்து வழியாக, நெஞ்சுக்கு மேலே இருக்கும் பெரிய ரத்தக் குழாய் வரைக்கும் ஒரு மெல்லிய குழாயை விட்டு வைக்கிறார்கள். அதற்கு சென்ட்ரல் லைன் என்று பேர். அதன் மறுமுனையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பை. பைக்குள் மூன்று அறைகள். ஒன்றில் சர்க்கரைத் தண்ணீர், ஒன்றில் புரதத்தை உடைத்த திரவம், ஒன்றில் கொழுப்பு. பையை அழுத்திச் சுருட்டினால் நடுவில் உள்ள ஒட்டு விட்டு மூன்றும் கலந்து பால் மாதிரி ஆகிவிடும்.

பால் மாதிரி என்று சொன்னது என் மச்சாண்டார். வீட்டுக்காரரின் அண்ணன், மடத்துக்குளத்தில் தோப்பும் நாலு மாடும் வைத்திருக்கிறார். தினமும் கறவை முடித்துவிட்டு பஸ் மாறி மாறி வந்து, விசிட்டர் ஹாலில் துண்டை விரித்து உட்கார்ந்துவிடுவார். பதினொரு மணிக்கு ஒருவர், சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒருவர், கால் மணி நேரம்தான் உள்ளே விடுவார்கள். முதல் நாள் பார்த்துவிட்டு வெளியே வந்தவர் என் காதருகே குனிந்தார்.

"ஏம்மா சுமதி, கழுத்துல பாலை ஏத்தறாங்களேம்மா?"

"அது பால் இல்லீங்க மாமா. மருந்துச் சாப்பாடு."

"நானும் அம்பது வருசமாப் பால் கறக்கறேன், எனக்குத் தெரியாதா? தண்ணி சேத்தறாங்களான்னு கேட்டுப் பாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாரத்தில் அது ஒன்றுதான் சிரிப்பு. ஆனால் அவர் போட்ட விதை அன்றே முளைத்துவிட்டது. மறுநாள் மருந்துக் கடையில் பில்லைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பை ஒன்று நாலாயிரத்துக்கு மேல். தினமும் ஒன்று. வைட்டமின் ஊசி தனி, தாதுச்சத்து ஊசி தனி, டியூப் தனி. விலைப் பட்டியலில் ஐந்து பைசா குறைக்கவில்லை. மொத்தமாக வாங்குகிறவன் எவன் எம்ஆர்பிக்கு வாங்குவான்? என் மூளை ஓட ஆரம்பித்துவிட்டது.

அன்று பதினொரு மணிக்கு உள்ளே போனபோது அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பையைப் பார்த்தேன். நேற்று மாட்டிய பையைக் கழற்றி வைத்திருந்தார்கள். அதில் கால்வாசி மீதி. அவரைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் ஜெபா, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், புதுப் பையை எடுத்து அழுத்திக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த மீதி எங்க போகும் கண்ணு?"

"எங்கக்கா போகும்? குப்பைக்குத்தான் போகும். இருபத்து நாலு மணி நேரந்தான் வைக்கலாம். சார் எடைக்கு இவ்வளவுதான் கணக்கு, அதுக்கு மேல ஏத்தப்பிடாதுல்லா."

"அப்ப கால்வாசிக்கும் சேத்து நாங்க காசு குடுக்கறமா?"

அவள் சிரித்து வைத்தாள். நான் விடவில்லை. காலியான பைகளை எனக்குக் காட்ட வேண்டும், எண்ணிக்கையைப் பில்லோடு ஒப்பிட வேண்டும் என்று கேட்டேன். எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். கொடுத்த சரக்குக்கு மீதியும் கழிவும் திரும்பி வந்தாக வேண்டும். கட்டிங் வேஸ்ட் துணியைக்கூட எடை போட்டுத்தான் விற்போம். ஜெபா போய் இன்சார்ஜ் அக்காவைக் கூட்டி வந்தாள். ஆஸ்பத்திரிக் கழிவை யாருக்கும் காட்டக் கூடாது, அது சட்டம் என்றார் அந்த அக்கா. சட்டம் என்று ஒருவர் சொன்னாலே எனக்கு இரட்டைச் சந்தேகம் வரும்.

பல்லடத்தில் எங்களுக்குத் தெரிந்த மருந்து மொத்த வியாபாரி ஒருவர் இருக்கிறார். அவருக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க, இந்த மூணு அறைப் பையில அப்படி என்னங்க இருக்குது?"

"அதே சரக்குத்தானுங்க்கா. குளுக்கோஸ் பாட்டில், புரோட்டீன் பாட்டில், கொழுப்பு பாட்டில்னு தனித்தனியாவும் வருதுங்க. ஒன்னு மேல ஒன்னு மாட்டி ஏத்திக்கலாம். பாதிக்குக் கொஞ்சம் மேல ஆகும், அவ்வளவுதான். பையில அவங்களுக்கு மார்ஜின் நெம்ப."

அடப்பாவிகளா என்று வாய்விட்டே சொன்னேன். விசிட்டர் ஹாலில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லேப்டாப்பை மடியில் வைத்து அங்கேயே ஷீட் போட்டேன். முதல் கட்டம் பை. இரண்டாவது கட்டம் பாட்டில். வைட்டமின், தாது, டியூப் எல்லாம் இரண்டிலும் போட்டேன். பாட்டிலுக்குக் கூடுதலாக ஆகும் இணைப்புக் குழாய்களையும் விடாமல் சேர்த்தேன். பையில் வீணாகும் கால்வாசியை வேஸ்டேஜ் என்று தனி வரிசையாகக் காட்டினேன். அதைச் சிவப்பில் போட்டேன். வேலை செய்யச் செய்ய மனசுக்கு நன்றாக இருந்தது. ஒரு வாரமாக என் கைக்கு எட்டாமல் நடந்துகொண்டிருந்த ஒன்று, என் கைக்குள் வந்துவிட்டது போல.

மாலை ஐந்து மணிக்கு டாக்டரம்மாவிடம் நீட்டினேன். அவர் முழுதாகப் படித்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"மூணாவது ஒண்ணை விட்டுட்டீங்களேம்மா. மூக்கு வழியா டியூப் போட்டு வயித்துக்குள்ள குடுக்கறது. எல்லாத்திலயும் மலிவு அதுதான், நல்லதும் அதுதான். குடல் வேலை செஞ்சா நான் பை பக்கமே போக மாட்டேன். இவருக்கு இப்ப அது முடியாது. எப்ப முடியுமோ அன்னிக்கே மாத்திடுவேன்."

"செரீங்க மேடம். இப்பத்திக்குப் பாட்டில் போடலாமுங்களா?"

"போடலாம். வசதி இல்லாதவங்களுக்குப் போட்டிருக்கோம். ஆனா பைன்னா ஒரு தடவை மாட்டினா நாள் பூரா அந்த லைனைத் திறக்க வேண்டாம். பாட்டில்னா தீரத் தீரக் கழட்டி மாட்டணும். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கிருமி உள்ள போறதுக்கு ஒரு வழி. நர்ஸுக்கு வேலையும் கூடும். அதனாலதான் நான் பை சொல்றேன்."

நன்றாகத்தான் சொன்னார். ஆனால் என் காதில் அது விற்பனைப் பேச்சாக விழுந்தது. இந்த மில் நூல்தான் நல்ல நூல் என்று நூல் ஏஜென்ட் சொல்வானே, அதே இழுவை. நான் சொன்னேன்:

"நர்ஸ் எப்படியும் டூட்டில இருக்காங்கல்லங்க மேடம்? அதுக்குத் தனியாக் காசு ஆகாதுங்களே."

அவர் மேற்கொண்டு வாதாடவில்லை. ஒரு தாளை எடுத்து எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார். விளக்கிச் சொல்லியும் குடும்பத்தார் இதைக் கேட்டார்கள் என்று அதில் இருந்தது. நாளைக்கு இவர்கள் தப்பித்துக்கொள்ளத்தான் இந்தத் தாள் என்று எண்ணிக்கொண்டே போட்டேன்.

வீட்டுக்காரரிடம் நான் எதையும் சொல்லவில்லை. அவர் நினைவோடுதான் இருந்தார். ஆனால் உதடு வெடித்து, பேச்சு குழறி, ஒரே ஒரு விஷயம்தான் கேட்பார். "ஒரு வாய் தண்ணி." கொடுக்கக் கூடாது. ஜெபா பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றுவாள், என்னையும் ஒற்றவிடுவாள். கால் மணி நேரம் முடிந்தும் சில நாள் பார்க்காத மாதிரி நின்றுகொள்வாள். மச்சாண்டார் வெளியே சோறு தொட மாட்டேன் என்று அடம் பிடித்தார். "அவன் வாயில ஒன்னும் போகாம நானென்ன திங்கறது?" மிரட்டித்தான் கேன்டீனில் இரண்டு இட்லி தின்ன வைத்தேன்.

அந்த மனிதரையும் நான் விட்டுவைக்கவில்லை. பாட்டிலுக்கு மாறிய மூன்றாம் நாள் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார், "தம்பி கையெழுத்துப் போடற நெலமையில இருக்கானாம்மா?" என்று. தோப்பு இன்னும் பிரிக்காமல் இருவர் பேரிலும் இருக்கிறது. எனக்குச் சுருக்கென்றது. தம்பி சாகக் கிடக்கும்போது பத்திரத்துக்கு வந்துவிட்டார் பார் என்று நினைத்தேன். "இல்லீங்க மாமா, கை நடுங்குது" என்று வெட்டிவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பாட்டிலுக்கு மாறி நான்கு நாள் ஆயின. ஒவ்வொரு நாளும் மிச்சமான தொகையை ஷீட்டில் ஏற்றி வந்தேன். ஐந்தாம் நாள் பதினொரு மணிக்கு உள்ளே போனபோது, கட்டில் டகடகவென்று சத்தம் போட்டது. அவர்தான் நடுங்கிக்கொண்டிருந்தார். பல் கிட்டி, உதடு நீலமாகி, இரண்டு போர்வைக்கு அடியில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

"குளுருது புள்ள. எனக்கு என்னமோ ஆகுது."

கையைப் பிடித்தேன். ஐஸ். ஜெபா ஓடினாள், டாக்டரம்மா வந்தார், திரையை இழுத்தார்கள், என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். இரண்டு மணி நேரம் கழித்து விஷயம் சொன்னார்கள். ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது. கழுத்துக் குழாய் வழியாக வந்திருக்கலாம். பழைய குழாயை எடுத்துவிட்டார்கள். கழுத்தின் மறுபக்கம் புதுக் குழாய் போட வேண்டும். ரத்த அழுத்தம் விழுந்துகொண்டே இருக்கிறது, ஏற்றுவதற்கு மருந்து ஓடுகிறது. அடுத்த இரண்டு நாள் தாண்டினால்தான் எதுவும் சொல்ல முடியும்.

நான் முதலில் யாரைச் சந்தேகப்பட்டேன் தெரியுமா? ஜெபாவை. இன்சார்ஜ் அக்காவிடம் போய், "அந்தப் புள்ள மாட்டறப்பக் கையெல்லாம் கழுவுதுங்களா? கிளவுஸ் போடுதுங்களா?" என்று கேட்டேன். கேட்டது அரை மணியில் அவள் காதுக்குப் போய்விட்டது. டூட்டி முடிந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அக்கா, ஒவ்வொரு வாட்டியும் கை கழுவி, ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுத்தான் மாட்டுனேன். எங்கம்மா சத்தியமாச் சொல்லுதேன். எனக்கு மூணு பேஷன்ட் அக்கா. ஒரு பக்கம் சார் பாட்டில் தீந்து மெஷின் கத்தும், அந்தப் பக்கம் இன்னொரு தாத்தாவுக்கு மூச்சு இழுக்கும். இந்த நாலு நாள்ல நாங்க அந்த லைனை எத்தனை வாட்டி கழத்தி மாட்டியிருப்போம்னு எண்ணிப் பாத்தீங்களா? நீங்கதான் எல்லாத்தையும் எண்ணுவீங்களே."

நான் எண்ணவில்லை. பையை எண்ணினேன், பாட்டிலை எண்ணினேன், டியூபை எண்ணினேன். அதை மட்டும் எண்ணவில்லை.

அவள் போன பிறகுதான் டாக்டரம்மாவிடம் நான் சொன்ன வார்த்தை எனக்குத் திரும்பக் கேட்டது. 'நர்ஸ் எப்படியும் டூட்டில இருக்காங்கல்ல.' சரக்கு வாங்க வந்து விலை பேசுகிற பையர்கள் என்னிடம் இதையேதான் சொல்வார்கள். தோளில் கூடுதலாக ஒரு தையல் கேட்பார்கள், அதற்குக் காசு கேட்டால், டெய்லர் எப்படியும் மெஷினில்தானே உட்கார்ந்திருக்கிறார் என்பார்கள். எனக்குச் சுறுசுறுவென்று ஏறும். டெய்லருக்குக் கை இரண்டுதான் சார், ஒரு தையல் கூடினால் தப்பும் கூடும், ரிஜெக்ஷன் கூடும், அதையும் கணக்கில் வையுங்கள் என்று வாதாடுவேன். ரிஜெக்ஷன் என்றால் செக்கிங்கில் தள்ளுபடியாகும் பீஸ். அந்த வரிசை இல்லாத காஸ்டிங் ஷீட்டை என் கீழே வேலை பார்ப்பவர்கள் கொண்டுவந்தால் அவர்கள் முகத்திலேயே விட்டெறிவேன். பதினாறு வருடத்தில் அந்த வரிசை இல்லாமல் நான் போட்ட ஒரே ஷீட், என் புருஷனுக்குப் போட்ட ஷீட்.

அன்று கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாயில் துணியை அடைத்து அழுதேன்.

மறுபடி பையையே மாட்டச் சொன்னேன், விலை கேட்கவில்லை. டாக்டரம்மாவிடம் ஒன்றுதான் கேட்டேன்.

"மேடம், பாட்டில் மாத்துனதாலதானுங்களா?"

"சொல்ல முடியாதும்மா. பையிலயும் வரும். பாட்டில் போட்டு ஒண்ணும் ஆகாதவங்களும் இருக்காங்க."

"ஆமான்னாவது சொல்லுங்க மேடம்."

"தெரியாததை எப்படிச் சொல்றது?"

அப்போதும் என் புத்தி சும்மா இருந்ததா? என் மேல் இரக்கப்பட்டுச் சொல்கிறாரா, ஆஸ்பத்திரியைக் காப்பாற்றச் சொல்கிறாரா, இல்லை உண்மையையே சொல்கிறாரா என்று மூன்று விதமாகவும் புரட்டிப் பார்த்தேன். இன்றைக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் கேட்டதால் அந்தக் குழாய் கூடுதலாகத் திறக்கப்பட்டது என்பது மட்டும்தான்.

அந்த இரண்டு நாளும் மச்சாண்டார் ஊருக்குப் போகவில்லை. மாட்டைப் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் விட்டுவிட்டு ஹாலிலேயே கிடந்தார். எனக்குக் காப்பி வாங்கி வந்து, ஆற்றி, கையில் கொடுத்து, "வெசனப்படாத கண்ணு" என்றார். நான் அவருக்கு என்றைக்கும் கண்ணு இல்லை, சுமதிதான். பிறகு துண்டில் முடிந்து வைத்திருந்த ஒரு படிவத்தை எடுத்தார்.

"சொசைட்டில தோப்பு மேல லோன் கேட்டனம்மா. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் குடுப்பாங்களாமா. அதுக்குத்தான் அன்னிக்குக் கேட்டேன். ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆகுமேன்னு."

எனக்கு அவர் காலில் விழ வேண்டும் போல இருந்தது. விழவில்லை. "அப்பறம் பாத்துக்கலாமுங்க மாமா" என்றேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஏற்றிய மருந்தை ஒவ்வொன்றாகக் குறைத்தார்கள். ஆன்டிபயாட்டிக் செலவில், நான் நான்கு நாளாக ஷீட்டில் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே நாளில் போய்விட்டது. அது கிடக்கட்டும். பத்து நாள் கழித்து ஸ்கேனில் கசிவு இல்லை என்று தெரிந்ததும், டாக்டரம்மா கொடுத்த வாக்குப்படி அன்றே மூக்கில் டியூப் போட்டார். மணிக்கு இத்தனை மில்லி என்று கஞ்சித் தண்ணீர் மாதிரி ஒன்று போனது. பிறகு வாயால் ஒரு ஸ்பூன் தண்ணீர். ஜெபாதான் கொடுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா, உங்க இடத்துல நான் இருந்தாலும் கேட்டிருப்பேன்" என்றாள். உண்மையா, ஒப்புக்கா என்று தெரியவில்லை. கேட்டுக்கொண்டேன்.

டிஸ்சார்ஜ் அன்று பில்லை வரிவரியாகப் பார்த்தேன். பாட்டில் போட்ட நான்கு நாளில் ஒரு நாளுக்குப் பையும் ஏறியிருந்தது. கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து, "தப்பா ஏறிருச்சுங்க மேடம், சாரி" என்று எடுத்துவிட்டார். திருப்பூர் முழுக்கப் பரவிய வீரக்கதை இதுதான். தங்கமணி காதுக்கு இதுவும் ஷீட்டும் சேர்ந்து போயிருக்கிறது. இது நடக்காமல் இருந்திருந்தால் நான் ஒருவேளை திருந்தியிருப்பேன். ஒரு தடவை சரியாகிப்போன சந்தேகம் ஒன்பது தப்பை மறைத்துவிடுகிறது. அதனால் சொல்கிறேன், பில்லைப் பாருங்கள், கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் டாக்டரிடம் போய் எது மலிவு என்று கேட்கும்போது, அந்த மலிவுக்கு எத்தனை கை கூடுதலாக வேலை செய்யும் என்பதையும் கேளுங்கள். நான் கேட்க வேண்டிய அவசியம்கூட இல்லை, அவரே சொன்னார். நான்தான் காதில் வாங்கவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. தங்கமணி போன் செய்த பிறகு ஷீட்டைத் திறந்து, அழித்துவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து இட்லியைப் பிய்த்துப் பிய்த்து மென்றுகொண்டிருந்தார். இப்போதெல்லாம் ஒரு இட்லிக்குக் கால் மணி நேரம். எட்டிப் பார்த்தார்.

"என்ன புள்ள, லீவு நாள்லயும் காஸ்டிங்கு? எந்தப் பையருக்கு?"

நான் மூடப் போனேன். அதற்குள் படிக்க ஆரம்பித்துவிட்டார். கட்டிங் மாஸ்டர் பார்வை, மேலிருந்து கீழே ஒரு வரி விடாமல் போனது.

"ஓ, எனக்குப் போட்டதா? பரவால்லயே, இணைப்பு டியூபு வரைக்கும் போட்டிருக்கற. வேஸ்டேஜ்கூடப் போட்டிருக்கற." பாதியில் நிறுத்தினார். "ரிஜெக்ஷன் எங்க புள்ள? நீயா உட்ட?"

அவ்வளவுதான். எல்லாவற்றையும் கொட்டினேன். கையெழுத்துப் போட்டது, டாக்டரம்மா சொன்னது, ஜெபா சொன்னது, அந்த நடுக்கம் எதனால் வந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது என்பது, எல்லாம். அவர் கை கழுத்தின் வலது பக்கம் போய், பழைய குழாய் இருந்த கருப்புத் தழும்பைத் தடவியது.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீழே ஒரு புது வரிசையைச் சேர்த்து, ரிஜெக்ஷன் என்று அடித்தேன்.

"இப்பப் போட்டறனுங்க. எத்தனை பர்சென்ட் போடட்டும்?"

"ஒத்தப் பீசு ஆர்டருக்குப் பர்சென்ட் எங்க புள்ள இருக்குது?" என்றார் அவர், இட்லியை மென்றுகொண்டே. "ஒன்னு சைபரு. இல்லாட்டி நூறு."

அந்த வரிசையில் இரண்டையும் போட்டேன். தங்கமணிக்கு அனுப்பிவிட்டேன்.